அவருக்கு ஆகாத முட்டை

1988 ஜனவரி 11, திங்கள்

காலை ஏழரைக்கும் பனி விலகவில்லை. கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். டைம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் பஸ்ஸை ஓட்டியவனும் நானே என்பது போல எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். திம்மப்பன் இன்று முதல் பர்சனல் ஆபீசர், எனக்கு மேலதிகாரி. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவன் அரைக்கால் சட்டை போட்டிருப்பான். நான் பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. பதிமூன்று வருடமாக அடுத்தவன் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வீட் டப்பாவை நீட்டினான். சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்படி எதுவும் கிடையாது.

மாலையில் என் மனைவி பவுலினா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உங்க தம்பி கால்ல கல்லு உழுந்துட்டுதாம். அந்த கிரானைட் பாலிஷ் போடற எடத்துல. மொழங்காலுக்குக் கீழ, ஒம்பது தையல்."

"சரி" என்றேன்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

ஜனவரி 12

எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். 84 செப்டம்பர், ஸ்ட்ரைக்கின் பதினோராவது நாள். ஆபீஸ் ஆட்கள் உள்ளே போகலாம் என்று யூனியனே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டில் என்னை மறித்தார்கள். ஒருவன் கருங்காலி என்று கத்தினான். இன்னொருவன் என் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தான். மூன்றடி தூரத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு என் தம்பி அருள்ஜோசப் நின்றிருந்தான். எட்டாவதோடு நின்றவன். நான் ஆளைப் பார்த்துச் சொல்லித்தான் கம்பெனியில் அவனுக்கு வேலையே கிடைத்தது. என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று மதியம் போலீஸ் அடித்ததில் அவனுக்கும் புருவம் கிழிந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. பிறகு வேலை போயிற்று. செங்கல் சூளை, மூட்டை தூக்குவது, இப்போது கிரானைட். இந்த வருடங்களில் உடம்பு பாதியாகிவிட்டது என்கிறாள் பவுலினா. பின் தெருவில்தான் இருக்கிறான். எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஜனவரி 20, புதன்

பவுலினா தினமும் கஞ்சியோ சுடுசோறோ தூக்கில் எடுத்துக்கொண்டு போகிறாள். நான் தடுக்கவில்லை. அவன் மனைவி அற்புதமேரி பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டாள். சிங்காரப்பேட்டையில் அவள் பிறந்த வீட்டில் அது ஆளை அவமதிப்பதற்குச் சமம். அவனுக்கு வேலை போன வருடம், வீட்டில் ஒன்றுமில்லாதபோதுகூட, ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் அனுப்பினாளாம். (அப்போதே பவுலினா எனக்குத் தெரியாமல் போய்வந்திருக்கிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது.)

இன்று தூக்கில் நான்கு நாட்டுக்கோழி முட்டை. மேலே முருங்கைக்கீரை.

"எதுக்கு இது?"

"அவருக்கு ஆவாதாம். புண்ணு சீ வெச்சுக்குமாம். கோழி இட்டுக்கிட்டே இருக்குது, நீங்களாச்சும் சாப்புடுங்கக்கான்னு குடுத்தா."

பத்தியம் வைத்திருக்கிறாள். பவுலினா விரல்விட்டுச் சொன்னாள். முட்டை, கறி, மீன், கருவாடு, பருப்பு, கத்தரிக்காய், கீரை, பால், புளி, எலுமிச்சை எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, உப்பு, மிளகு மட்டும். காலையில் பன்னும் வரக்காப்பியும். அவன் எதிரில் தான் மட்டும் ருசியாகச் சாப்பிடக் கூடாதென்று அவளும் அதையே தின்கிறாளாம்.

முருங்கைக்கீரைப் பொரியல் நன்றாக இருந்தது.

ஜனவரி 29, வெள்ளி

தையல் பிரித்த நான்காம் நாள் காயம் திறந்துகொண்டதாம். அற்புதமேரி பத்தியத்தை இன்னும் இறுக்கிவிட்டாள். மிளகும் சூடாம், அதையும் நிறுத்தியாயிற்று. முட்டாள்தனம். யாராவது கேட்டால் சொல்வேன். யார் கேட்கிறார்கள்?

பிப்ரவரி 6, சனி

மூன்றரை வருடம் கழித்து அற்புதமேரி என் வீட்டு வாசலில். பவுலினா சந்தைக்குப் போயிருந்தாள். ரோஜாத் தோட்டத்தில் பூப் பறித்துவிட்டு நேரே வந்திருக்கிறாள், விரலெல்லாம் முள் கிழித்திருந்தது. உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மடித்த சீட்டு ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாமா, இத கொஞ்சம் பாருங்க. ஆஸ்பத்திரியில புதுசா பெங்களூர் டாக்டரம்மா வந்திருக்குது. கன்னடத்துல கடகடன்னு சொல்லுச்சு. எனக்கு ஊட்டா, ஊட்டான்னு சாப்பாட்டுப் பேச்சுதான் காதுல உழுந்துச்சு. பின்னாடி அம்பது பேரு நிக்கிறாங்க. எழுதியே குடுத்துட்டு, வூட்ல படிச்சவங்க இருந்தா காட்டுன்னுச்சு."

வாங்கினேன். இங்கிலீஷ். அழகான கையெழுத்து.

"அவன் அனுப்பினானா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சா கத்துவாரு."

அது போதும். கத்துவானாம். என்னிடம் ஒரு சீட்டைக் காட்டினால் கத்துவானாம்.

சீட்டை முழுதும் படித்தேன். தமிழில் இங்கே எழுதிவைக்கிறேன்: 'ஈறில் ரத்தக் கசிவு. கணுக்காலில் நீர். சோகை. உடம்பில் புரதமும் சி வைட்டமினும் போதவில்லை, அதனால்தான் காயம் கூடவில்லை. பத்தியம் எதுவும் வைக்கக் கூடாது. தினம் இரண்டு முட்டை, பருப்பு, கீரை, பால், எலுமிச்சை அல்லது நெல்லிக்காய். இது மாத்திரையை விட முக்கியம். வீட்டாருக்கு விளக்கிச் சொல்லவும்.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

அவளிடம் சொன்னேன்: "மாத்திரையை நிறுத்தாதே. கட்டு நனையக் கூடாது."

"சாப்பாட்டுக்கு என்னா போட்டிருக்குது மாமா?"

"நல்லா சாப்பிடச் சொல்லியிருக்கு."

"அதான் ஒரு குண்டான் சோறு வடிக்கிறேன். பாதிதான் எறங்குது" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். "சீட்டு?"

"இருக்கட்டும். நிதானமாக இன்னொரு தடவை பார்க்கிறேன்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, ஞாயிறு

கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கரையான் அரித்தது போக மிச்சம் இருந்தது. பிளந்த சதை சேர வேண்டுமானால் உடம்பு ஒரு நார் நெய்ய வேண்டும். நாருக்குப் புரதம் வேண்டும். அது முறுக்கேற சி வைட்டமின் வேண்டும். இல்லாவிட்டால் நெய்ய நெய்ய அவிழும். மாத்திரை கிருமியைத்தான் விரட்டும், நெய்து தராது. பற்றாக்குறை நீண்டுவிட்டால் எப்போதோ ஆறிப்போன பழைய தழும்புகூடப் பிரிந்துவிடும் என்று போட்டிருக்கிறது. இருபத்தைந்து வருடம் கழித்துப் படித்தும் ஒரு வரி தடுக்கவில்லை. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் வரட்டும். நொண்டிக்கொண்டாவது வரட்டும். அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். சொல்கிறேன்.

பிப்ரவரி 10

தூக்கில் முட்டை மூன்று. ஆம்லெட்.

பிப்ரவரி 17, விபூதிப் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாள் வீட்டில் கறி இல்லை. "முட்டையும் வேணாமா?" என்று பவுலினா கேட்டாள். முட்டை கறியில்லை என்றேன்.

பிப்ரவரி 24, புதன்

பவுலினா சாப்பிடவில்லை. அவன் காயத்தின் வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை என்றாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அந்தப் புருவத்துக் காயம் இருக்குதில்ல, போலீஸ்காரன் அடிச்சது? ஆறி எத்தினி வருஷமாச்சு? அது வாயப் பொளந்துக்குச்சு. யாரும் தொடல, இடிக்கல. தானா. அவ சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுவுறா, இன்னும் எதைத்தான் நிறுத்தறதுன்னு."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

புத்தகத்தில் படித்ததுதான். அச்சில் படிக்கும்போது அது யாருடைய தழும்பாகவும் இல்லை.

பிப்ரவரி 27, சனி

வருகைப் பதிவேட்டில், மஸ்டர் ரோலில், இரண்டு தப்பு. பதிமூன்று வருடத்தில் முதல் தடவை. திம்மப்பன் மரியாதையாகச் சுட்டிக்காட்டினான். மரியாதைதான் பொறுக்க முடியவில்லை.

நான் என்ன டாக்டரா? அந்தம்மா தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வந்தா தமிழ்ல சொல்லட்டுமே. அதுக்கு நானா பொறுப்பு? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாங்களா? பத்தியத்த விடுவாளா அவ? விடமாட்டா.

— விட்டிருப்பா. அதக் கேக்கத்தானே வந்தா. செருப்பக் கழட்டி வச்சுட்டு நின்னா.

பிப்ரவரி 28, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே பின் தெரு. கடையில் ஆறு முட்டை, ஒரு பொட்டலம் நெல்லிக்காய். பவுலினா பின்னால் வந்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். எனக்கு மூன்று வயது இளையவன், அப்பா சாகும்போது இருந்த முகம். உதட்டு ஓரம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அதனால் சிரித்தான். ஈறெல்லாம் ரத்தம்.

"என்னா, மேனேஜ்மெண்டே எறங்கி வந்துட்டுது?"

நான் அற்புதமேரியைப் பார்த்துச் சொன்னேன். "கம்பெனி டாக்டரிடம் விசாரித்தேன். பத்தியத்தை இன்றோடு விட்டுவிடு. முட்டை, பருப்பு, கீரை, புளிப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். கொடுக்காததால்தான் ஆறவில்லை."

"ஐயோ மாமா, சீ புடிச்சுக்கும்!"

"பிடிக்காது."

"எங்கண்ணன் பொண்டாட்டிக்கு ஆபரேசன் பண்ணப்ப, ஒரு துண்டு கருவாடு—"

"நான் சொல்கிறேன். பிடிச்சா என்னைக் கேள்."

முட்டையை அவளே வேக வைத்தாள். உரிக்க மாட்டேன் என்றாள். நான் உரித்தேன். அவன் வாங்கித் தின்றான். இரண்டாவதைத் தானாகக் கை நீட்டிக் கேட்டான்.

"இத்தினி நாளு எங்க கோழி முட்டைய வெளியில அனுப்பிட்டுக் கடை முட்டைக்கு வந்திருக்குது பாரு பொழப்பு" என்றான்.

பவுலினா என்னைப் பார்த்தாள். நான் நெல்லிக்காயைக் கழுவப் போனேன்.

சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கம்பெனி டாக்டரை நான் பார்த்து ஒரு வருடம் ஆகிறது.

மார்ச் 5, சனி

தினம் போகிறேன். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. புருவத்தில் பொருக்கு கட்டியிருக்கிறது. காயத்தின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக, கோழிக்கொண்டை போல, புதுச் சதை. ஆனால் நடுவில் எலும்பு தெரிகிறது. அதன் மேல் ஒன்றும் ஏறவில்லை.

இன்று தூக்கில் ஒரு கை ரோஜா, தோட்டத்தில் கழித்துப் போட்டது. பவுலினா மாதா படத்துக்கு வைத்தாள்.

மார்ச் 9

காய்ச்சல். பிதற்றுகிறான். காலைத் தொட்டால் கொதிக்கிறது. வாடகைக் காரில் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. எலும்புக்குள் சீழ் இறங்கிவிட்டதாம். எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. அவனுக்குத் தெரியாது.

மார்ச் 12, சனி

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 13

எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 30, புதன்

பரிசுத்த வாரம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இந்தச் சாமியார்தான் போன வருடம் வாசகம் வாசிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தவர், குரலில் கனிவு இல்லை என்று. அவரிடம் போய்ச் சொல்வதா? கோபம், பொறாமை, அசட்டையாகச் செபித்தது என்று மூன்றைச் சொன்னேன். "வேற எதுவும் இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பரிகாரமாகச் சொல்ல ஐந்து அருள்நிறை மந்திரம் கொடுத்தார். அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, ஞாயிறு

பெங்களூரில் வெட்டிய இடத்தைக் காட்டப் போயிருந்தோம். துளி சீழ் இல்லை. கோடு போட்டது போலச் சேர்ந்திருக்கிறது. இருபத்தொன்பது நாள். சர்ஜன் தட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் இங்கிலீஷில் சொன்னார்: வந்த அன்றைக்கும் இன்றைக்கும் ரத்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், இந்தச் சாப்பாட்டை ஒரு மாதம் முன்னால் தொடங்கியிருந்தால் நான் கத்தியைத் தொட்டிருக்க வேண்டியதே இல்லை.

"என்னா சொல்றாரு?" என்று அருள்ஜோசப் கேட்டான்.

"நன்றாக ஆறியிருக்காம்."

மறுபடியும்.

ஏப்ரல் 17, ஞாயிறு

அவன் வீட்டில் சாப்பாடு. அற்புதமேரி தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். மாமாதான் காப்பாத்துனாரு, மாமா படிச்ச படிப்புதான் எங்களுக்கு உசுரு குடுத்துச்சு என்று. பக்கத்து வீட்டு நாராயணம்மா தன் பையனின் கட்டியை என்னிடம் காட்டி என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்டாள். எத்தனையோ வருடமாக யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று இருந்தவன் நான்.

அருள்ஜோசப் கையைக் கழுவிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அண்ணா, அன்னிக்கு கேட்டுல நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பானுங்க. சொல்லல. பயம். நீ அத மனசுல வெச்சுக்காம வந்த பாரு."

ஏப்ரல் 21, வியாழன்

செயற்கைக் கால் போடுகிற இடத்தில் பழைய சீட்டு எல்லாவற்றையும் கேட்கிறார்களாம். அற்புதமேரி மஞ்சள் பையைக் கொட்டி, தேதி வாரியாக அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன்.

"ஒண்ணு கொறையுது மாமா. அந்த பெங்களூர் டாக்டரம்மா எழுதுனது. அன்னிக்கு உங்ககிட்டதான குடுத்தேன்?"

"தேடிப் பார்க்கிறேன்."

இந்த நோட்டில்தான் இருக்கிறது. பிப்ரவரி ஆறாம் பக்கத்தில்.

ஏப்ரல் 22

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சீட்டு கையில் இருந்தது. பவுலினா மாவுக் கையோடு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும்.

"அவ தேடுறது இதானா? ஆறு, ரெண்டு" என்று மேலே இருந்த தேதியைப் படித்தாள். "நீங்க முட்டை வாங்கிட்டுப் போனது இருபத்தெட்டு."

"ஆமாம்."

"நடுவுல அவ அனுப்புனத நான்தான் ஆக்கிப் போட்டேன்." மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் யார்கிட்டயும் ரோஷம் பாக்கல."

எரிக்கவில்லை. தைரியம் என்று யாராவது இதைச் சொன்னால் சிரிப்பேன். அவள் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, ஞாயிறு

சீட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவர்களால் படிக்க முடியாது. கால் போடுகிற இடத்திலும் யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. போகும் வழியெல்லாம் இதையேதான் நினைத்தேன்.

கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன்" என்றேன். தேதியிலிருந்து தொடங்கினேன். ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். கீழே போட்டிருந்த இரண்டு கோடு வரைக்கும். பிறகு பெங்களூர் சர்ஜன் சொன்னதையும்.

அற்புதமேரி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நான் கேட்டனே மாமா. சாப்பாட்டுக்கு என்னா போட்டிருக்குதுன்னு கேட்டனே."

"கேட்டாய்."

"அப்ப நான் தூக்குல போட்டு—" முறத்தைக் கீழே வைத்தாள்.

அருள்ஜோசப் சீட்டை வாங்கினான். தலைகீழாகப் பிடித்திருந்தான், நான் திருப்பிக் கொடுத்தேன்.

"முட்டைன்னு எங்க எழுதியிருக்குது?"

காட்டினேன். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவ குடுத்தனுப்புனத நீ தின்னியா?"

"தின்னேன்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சுதான்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் பதில் இருந்தது. 84 இருந்தது, கண்ணாடி இருந்தது. அவன் சீட்டை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தான். சாமான்களுக்கு நடுவில் ஊன்றுகோலைத் தேடினான். எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"வாணாம். மேரி எடுப்பா" என்றான்.

ஏப்ரல் 25, திங்கள்

காலையில் பவுலினா வழக்கம் போல முட்டைக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கிக்கொண்டார்களாம்.

மாலையில் தூக்கு திரும்பி வந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம்கூட இல்லாமல் துடைத்திருந்தது. பவுலினா மூடியைத் திறந்து பார்த்தாள். என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

உள்ளே ஒரு பிடி உப்புகூட இல்லை.